பழைய கார், வேலூர் வெயில், குறைந்த பட்ஜெட்: எந்தச் செலவு முதலில்?

ஒரு லட்சம், ஒன்றரை லட்சத்துக்கு மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ, வேகன் ஆர், இண்டிகா என்று ஏதோ ஒரு பழைய வண்டியை வாங்கிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று முழிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வண்டி வாங்கிய கையோடு சீட் கவர், மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் என்று இருக்கிற காசைக் கரைத்துவிட்டு, மே மாதத்தில் பள்ளிகொண்டா டோல்கேட்டில் பானெட்டைத் திறந்துபோட்டு ஆவி பறக்க நிற்கிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறோம். பட்ஜெட் குறைவு என்றால் எந்தச் செலவு முதலில், எது அப்புறம் என்ற வரிசைதான் எல்லாமே. என் வரிசை இது: வண்டி சூடாகாமல் இருக்க வேண்டும், பிரேக் மிதித்தால் நிற்க வேண்டும், அப்புறம்தான் நன்றாக ஓட வேண்டும், அழகு கடைசியில். பிரேக், கூலிங், டயர் இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் மாசம் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கிய முதல் வாரத்தில் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம், எவ்வளவு ஆச்சு, அவ்வளவுதான். முந்தைய ஓனர் "இப்பதான் சார் சர்வீஸ் பண்ணேன்" என்று சொல்லியிருப்பார், பில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எதுவும் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த புத்தகம் பெரும்பாலும் தொலைந்திருக்கும். உங்கள் மாடலுக்கும் வருஷத்துக்கும் உரிய மேனுவல் நெட்டில் தேடினால் கிடைக்கும், அதை போனில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த கிரேடு ஆயில், ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் எத்தனை லிட்டர், டயரில் எவ்வளவு காற்று, எல்லாம் அதில் இருக்கிறது. மெக்கானிக் சொல்வதும் புத்தகம் சொல்வதும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் காரணம் சொல்வார்.

முதலில் கூலிங்

மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இன்ஜின் ஆயிலில் ஆரம்பிப்பார்கள். நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில் ரேடியேட்டரில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் இரண்டு. ஒன்று வெயில்: ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம், தார் ரோட்டுக்கு மேலே அதைவிட அதிகம். இரண்டு தண்ணீர். நம்மில் பாதிப் பேர் வீட்டில் வருவது போர் தண்ணீர், அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று குழாய் வாயைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே தண்ணீரைத்தான் வருஷக்கணக்கில் பழைய கார்களின் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார்கள். அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைத்துக்கொள்கிறது, உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது, வாட்டர் பம்ப் சீல் போகிறது, ஒருநாள் இன்ஜின் சூடாகி ஹெட், அதாவது இன்ஜினின் மேல்பாகம், வளைகிறது. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸ் பண்ணி சமமாக்கி, திரும்ப ஏற்றுவதற்கு ஆகும் செலவு வண்டியின் விலையில் கணிசமான பங்கு. அதைத் தடுக்கும் கூலன்ட்டுக்கு ஆகும் செலவோ சில நூறு ரூபாய்.

நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, பிறகு எதற்கு கூலன்ட் என்று கேட்பார்கள். கூலன்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. ரேடியேட்டர் மூடிக்கும் இதே வேலையில் பங்கு உண்டு. அதன் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும், உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் அளவு அது. 0.9 மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், மூடியின் ரப்பர் போய்விட்டால் 100-லேயே கொதித்து வெளியேறும். ஆகவே பழைய வண்டிக்கு முதலில் வாங்க வேண்டிய ஸ்பேர் என்று என்னைக் கேட்டால் புது ரேடியேட்டர் மூடி என்பேன், அதே எண் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது வேலை. இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும், காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் செய்வது நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். ரேடியேட்டருக்குக் கீழே வடிகால் திருகு இருக்கும், அது துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை இழுத்துவிடுங்கள். அடியில் ஒரு பேசின் வையுங்கள். வருகிற தண்ணீர் டீ டிக்காஷன் மாதிரி பழுப்பாக வந்தால் உள்ளே துரு என்று அர்த்தம். அதை சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாதீர்கள். பழைய கூலன்ட் விஷம், கொஞ்சம் இனிப்பாக வேறு இருக்கும் என்பதால் நாய், பூனை நக்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் ஜாக்கிரதை. அப்புறம் திரும்ப மாட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி, ஹீட்டர் இருக்கிற வண்டியில் அதை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஓடும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதைச் செய்யுங்கள். கடைசி முறை மட்டும் பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, பிறகு கூலன்ட். ரெடிமிக்ஸ் என்று எழுதியிருந்தால் அப்படியே ஊற்றலாம், கான்சென்ட்ரேட் என்றால் டப்பாவில் சொன்ன விகிதத்தில் டிஸ்டில்டு வாட்டர் கலந்துதான் ஊற்ற வேண்டும். மூடியைத் திறந்துவைத்தே இன்ஜினை ஐடிலில் விட்டால் காற்றுக் குமிழ்கள் வெளியே வரும், மட்டம் இறங்கும், இறங்க இறங்க நிரப்புங்கள். குமிழ் நிற்கவே இல்லை, மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

ரேடியேட்டர் உள்ளே அலசியும் சூடு குறையவில்லை என்றால் வெளியே பாருங்கள். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி, பூச்சி, காய்ந்த இலை எல்லாம் அடைத்திருக்கும். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரால் கழுவ வேண்டும், வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகக் காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

தெர்மோஸ்டாட் பற்றி கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடியிருந்து, சூடானதும் திறந்துவிடும் வால்வு அது. வண்டி சூடாகிறது என்று போனால் பல ஷெட்களில் முதல் வைத்தியம் இதுதான்: "தெர்மோஸ்டாட் இன்னாத்துக்கு சார், கழட்டிப் போட்டா தண்ணி ஃப்ரீயா ஓடும்." கழற்றியும் விடுவார்கள், டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் கொஞ்ச நாள் கீழே இருக்கும். ஆனால் இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும், அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும். தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டி, சமையலுக்குத் திரும்ப எடுக்கப்போகாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றுங்கள். நடுவில் இருக்கும் வட்டத் தகடு மூடியே இருக்கும். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே, ஏறக்குறைய 80-லிருந்து 90 டிகிரிக்குள், அது மெதுவாக நகர்ந்து திறப்பது கண்ணுக்கே தெரியும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லையா, மாற்றுங்கள். ஆறிய தண்ணீரிலேயே திறந்து கிடக்கிறதா, அப்போதும் மாற்றுங்கள். கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள்.

முள் எப்போது ஏறுகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். டோல்கேட் வரிசையிலோ, கிரீன் சர்க்கிள் நெரிசலிலோ நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் கோளாறு: ஃபியூஸ், ரிலே, ஃபேன் சுவிட்ச், மோட்டார், இந்த வரிசையில் பாருங்கள். ஏ.சி. போட்டால் அதே ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது, போடாவிட்டால் சுற்றவே இல்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சுவிட்ச் அல்லது சென்சார்தான். நின்றால் சரியாக இருந்து, ஆம்பூர் நோக்கி பைபாஸில் 80-ல் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், அல்லது கூலன்ட் குறைவு. வழியில் முள் சிவப்பை நெருங்கினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுசாகப் போடுங்கள், வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியே வரும். அப்படியே ஓரம் கட்டி நிறுத்துங்கள். பச்சைத் தண்ணீரை இன்ஜின்மேல் ஊற்றவே கூடாது. ஓரமாக நின்று அரை மணி, முக்கால் மணி ஆறவிடுங்கள். ஊர் பக்கத்தில்தானே, வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டுகிற அந்த ஐந்து கிலோமீட்டர்தான் ஹெட்டை வளைக்கிறது.

பிரேக், டயர்

பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். முன்னால் டிஸ்க் பேட், பின்னால் டிரம்முக்குள் ஷூ, இதுதான் இந்த வண்டிகளில் பொதுவான அமைப்பு. பேடில் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுங்கள், கீச் சத்தம் வரும்வரை காத்திருந்தால் டிஸ்க்கும் கோடு விழுந்துவிடும். பின் டிரம்மைக் கழற்றும்போது வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் ஆயில் கசிகிறது. மிதித்தால் பஞ்சு பஞ்சாக இருந்து பம்ப் பண்ணினால் கெட்டியாகிறதா, பெரும்பாலும் லைனில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறதா, வெளியே கசிவும் இல்லையா, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கலாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். டவுனுக்குள் ஓட்டும்போது இது தெரியாது. ஏலகிரிக்குக் குடும்பத்தோடு போய்விட்டு, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் வெறுமனே உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுங்கள், மூடியில் டாட் 3 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள், உடைத்துப் பாதி வைத்த பழைய டப்பாவை ஊற்றாதீர்கள். மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே, பெரும்பாலும் இரண்டாவதில், இறங்குங்கள்.

டயரில் பட்டன் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் தயாரித்தது. அதிகம் ஓடாத வண்டியில் பட்டன் புதுசாகவே இருக்கும், ரப்பர் வெயிலில் காய்ந்து பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். அந்த டயரோடு மதிய வெயிலில் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் கடைசி வரம்பு. காற்றை வாரம் ஒருமுறை காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

வீட்டில் வீல் கழற்றுகிறீர்கள் என்றால் ஒரு கண்டிஷன்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ உடம்பையோ விடக்கூடாது. ஸ்டாண்ட் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹாலோ பிளாக்கும் செங்கலும் பாரத்தில் பட்டென்று உடையும்.

ஆயில், பெல்ட், பேட்டரி

ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள், புத்தகத்தில் சொன்ன கிரேடு, அதிக ஓட்டம் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை. பழைய இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம், மட்டமான இடத்தில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்து விட்டு எடுத்துப் பாருங்கள், குறைந்தால் ஊற்றுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம், அவசரமில்லை. ஓடும்போதெல்லாம் நீலம் என்றால் ரிங், போர் வேலை, அதாவது இன்ஜினைப் பிரித்துச் செய்யும் பெரிய வேலை பக்கம் போகிறது. கரும்புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்து, கூலன்ட்டும் குறைந்து, ஆயில் மூடிக்கு அடியில் வெண்மையாகக் கொழகொழவென்று இருந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இன்ஜினை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு முன் சம்மதிக்காதீர்கள்.

வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின்; உங்கள் இன்ஜினில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஆல்டோ, சான்ட்ரோவில் பெல்ட். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளையும். எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள், கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்தப் பெல்ட் வழியாக ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் அப்போதே மாற்றுங்கள், கூலி ஒரே கூலிதான்.

பேட்டரியைக் குளிரைவிட வெயில்தான் சீக்கிரம் கொல்லும். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில். ஓடும்போதும் 12 சொச்சமே காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, புது பேட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் இறங்கிவிடும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சோடா மாவு கரைத்த வெந்நீரால் கழுவி, இறுக்கி, வாசலின் தடவுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்ற புகார்களில் பல இதிலேயே தீரும்.

இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் பெட்ரோல் ஹோஸ்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் புது ஹோஸ், புது கிளிப். பெட்ரோல் வாசனை வருகிற வண்டியை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஸ்பேரும் மெக்கானிக்கும்

மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் உள்ள பெரிய வசதியே ஸ்பேர்தான். மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது, இன்றும் அதற்கு வேண்டிய சாமான்கள் கிடைக்கின்றன. கம்பெனி பெட்டியில் வருவதைத் தவிர, அதே பொருளைச் செய்துகொடுக்கும் பிராண்டுகளின் பெட்டியிலும் வாங்கலாம், லூகாஸ் டி.வி.எஸ்., ரானே, பாஷ் போன்றவை, விலை குறையும், தரம் இருக்கும். பெயரே இல்லாத பெட்டியில் வருவதைத் தவிர்த்துவிடுங்கள். உடைத்த வண்டியின் சாமான் தேவை என்றால் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. கதவு, கண்ணாடி, ஹெட்லைட், வைப்பர் மோட்டார், ஜன்னல் மோட்டார் இதெல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்டது, பெல்ட், ஹோஸ், வாட்டர் பம்ப், ஸ்டியரிங் சாமான் ஒருநாளும் பழசு வாங்கக்கூடாது.

மெக்கானிக்கைப் பொறுத்தவரை, உங்கள் மாடலையே தினமும் பார்க்கும் சின்ன ஷெட் போதும். டாக்ஸிக்காரர்கள் எங்கே விடுகிறார்கள் என்று கேளுங்கள், வண்டி நின்றால் சோறு இல்லை என்கிறவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அது. ஸ்பேர் விலை தனி, கூலி தனி என்று முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "அண்ணா, முன்னாடி லெஃப்ட் சைடுல, பள்ளத்துல இறங்கும்போது மட்டும் டக்குனு சத்தம் வருது" என்று சொல்லத் தெரிந்தால் லிங்க் ராடா, பால் ஜாயின்ட்டா, ஷாக் அப்சார்பர் மவுண்டிங்கா என்று நேராகப் போவார். "ஏதோ சத்தம் வருது" என்றால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், அந்தக் காசு உங்களுடையது. பேசிய கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நடு ரோட்டில் நின்றால் போனை எடுப்பது அந்த மனிதர்தான்.

15 வருஷம் நெருங்கும்போது

ஆர்.சி.யில் உள்ள தேதியைப் பாருங்கள். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, தேதி முடிவதற்கு 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம், வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும்.

அந்தக் காசைக் கட்டுவதற்கு முன் வண்டியை ஏதாவது வாட்டர் சர்வீஸ் கடையில் லிஃப்டில் ஏற்றி, கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு அடியில் போய்ப் பாருங்கள். மேலே பெயிண்ட் பளபளப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, ஜாக்கி வைக்கும் இடம், ஷாக் அப்சார்பர் மாட்டியிருக்கும் மேல் மூலை, இன்ஜினைத் தாங்கும் குறுக்குச் சட்டம், இந்த இடங்களில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். மேல் துரு மட்டும் என்றால் சுரண்டி, பிரைமர் அடித்து, அடி கோட்டிங் கொடுத்தால் இன்னும் பல வருஷம் வரும். முனை உள்ளே இறங்கிவிட்டால் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டியில் மேற்கொண்டு காசு போடாதீர்கள், விபத்தில் உங்களைக் காப்பாற்ற வேண்டிய தகடே அதுதான். அப்போது பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, அழித்ததற்கான சான்றிதழை வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். சும்மா உடைப்பவரிடம் பேப்பர் இல்லாமல் விட்டால் அந்த நம்பர் உங்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். புதுசாகப் போட்ட பேட்டரியையும் டயரையும் மட்டும் கொடுக்கும் முன்பே கழற்றி விற்றுக்கொள்ளலாம், கொடுப்பதற்கு முன்னால் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.